316 தரக் கைப்பிடிக் கம்பிகள்: எஃகு ஒன்று, மெருகு இரண்டு

என் படகின் இருபுறமும் பொருத்தியுள்ள கைப்பிடிக் கம்பிகளையும் அவற்றைத் தாங்கும் குத்துக்கால்களையும் பதினான்கு மாதம் பயன்படுத்திய பிறகு இதை எழுதுகிறேன். எல்லாமே 316 தரத் துருப்பிடிக்காத எஃகு. தயாரிப்பாளரும் ஒருவர், குழாயின் விட்டமும் ஒன்று. கேட்ட எண்ணிக்கை ஒரே வகையில் இருப்பில் இல்லாததால், இடப்புறத்துக்குக் கோடு கோடாகத் தெரியும் பிரஷ் ஃபினிஷும் வலப்புறத்துக்கு எலக்ட்ரோபாலிஷ், அதாவது அமிலத்தில் மின்சாரம் செலுத்தி மெருகேற்றுதல், செய்ததும் வந்து சேர்ந்தன. அந்தத் தற்செயலால், மேற்பரப்பின் மெருகு அரிப்பை எவ்வளவு தூரம் தீர்மானிக்கிறது என்பதைக் கண்ணெதிரே ஒப்பிட முடிந்தது.

இடப்புறத்தில் இரண்டாம் மாதமே தேநீர் சிந்திக் காய்ந்தாற்போலப் பழுப்புக் கறை தோன்றியது. மழை கழுவிவிடும் மேற்பக்கத்தில் அல்ல, நீர் படாத அடிப்பக்கத்தில்தான் அது தொடங்கியது. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸை வைத்துப் பார்த்தபோது காரணம் விளங்கியது: தேய்ப்புப் பட்டை விட்டுச்சென்ற கோடுகளின் ஓரங்களில் உலோகம் கிழிந்து, மெல்லிய செதில்களாக மடிந்து கிடந்தது, அந்த மடிப்புகளில் வெள்ளை உப்பும், உப்பு இருந்த இடங்களிலெல்லாம் பழுப்புப் புள்ளியும் தெரிந்தன. நகத்தால் குறுக்கே இழுத்தால் தட்டுப்பட்டது. வலப்புறக் குழாயில் நகம் வழுக்கிக்கொண்டு போனது, கறையும் இல்லை. ஒரு பக்கத்தில் மட்டும் அலைத்தெறிப்பு கூடுதலோ என்ற ஐயத்தில், ஆறாம் மாதம் இருபுறமும் ஒவ்வொரு குத்துக்காலை இடம் மாற்றிப் பார்த்தேன். கறை பக்கத்தோடு நிற்கவில்லை, பிரஷ் ஃபினிஷோடு போயிற்று.

இந்த எஃகைக் காப்பது, சில நானோமீட்டர் தடிமனே உள்ள குரோமியம் ஆக்சைடு படலம். கீறல் விழுந்தாலும் ஆக்சிஜன் கிடைத்தால் அது தானே மீண்டும் உருவாகும். கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 19 கிராம் குளோரைடு இருக்கிறது. கோட்டுப் பள்ளத்தில் தங்கும் துளி காயக் காயச் செறிவு இன்னும் ஏற, அடியில் ஆக்சிஜன் குறைய, படலம் உடைந்த இடம் மூடாமல் குழியாக வளர்கிறது. உலோகத்துக்குள் கலந்திருக்கும் மாங்கனீசு சல்ஃபைடு துகள்கள் கரடாகத் தேய்த்த பரப்பில் வெளியே தலைகாட்டுவதால், குழி பெரும்பாலும் அவற்றின் ஓரத்தில்தான் பிறக்கிறது. எலக்ட்ரோபாலிஷில் பாஸ்பாரிக், சல்ஃபியூரிக் அமிலக் கலவையில் குழாயையே நேர்மின்வாயாக்கி மின்சாரம் செலுத்துகிறார்கள். மேடுகள் முதலில் கரைகின்றன, கிழிந்த தோலும் துகள்களும் அகல்கின்றன, குரோமியம் செறிந்த பரப்பு மிஞ்சுகிறது. வெறும் பளபளப்பு என்று இதை நினைத்துவிடக் கூடாது. பஃபிங் எனப்படும் மெருகுச் சக்கரத்தாலும் கண்ணாடிபோல் ஆக்கலாம், ஆனால் அது கிழிசலின்மேல் உலோகத்தை இழுத்துப் பூசி மறைத்துவிடக்கூடும்.

கடலோரப் பயன்பாட்டுக்குச் சராசரிச் சொரசொரப்பு, அதாவது ஆர்ஏ, 0.5 மைக்ரோமீட்டருக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது பரவலாகச் சொல்லப்படும் வரம்பு. அந்த எண்ணை மட்டும் நம்பியும் வாங்க இயலாது. அது சராசரி என்பதால், ஆழமும் குறுகலுமான பள்ளங்கள் கொண்ட பரப்பும் வழவழப்பாகச் செதுக்கிய பரப்பும் ஒரே எண்ணைக் காட்டக்கூடும். கோடுகள் நிலைக்குத்தாக ஓடினால் நீர் வடிந்துவிடும். எனக்கு வந்தவற்றில் அவை குழாயைச் சுற்றிச் சுற்றி ஓடுகின்றன.

தயாரிப்பாளர்மேல் எனக்குள்ள உண்மையான வருத்தம் வெல்டிங்கைப் பற்றியது. பிரஷ் ஃபினிஷ் குத்துக்கால்களின் அடித்தட்டில், கிரைண்டர் எட்டாத உள்மூலையில், வெல்டிங் சூட்டால் ஏறிய நீலமும் வைக்கோல் மஞ்சளுமான நிறம் அப்படியே விடப்பட்டிருந்தது. அந்த நிறத்துக்கு அடியில் குரோமியம் குறைந்த அடுக்கு இருக்கும். அதை நைட்ரிக், ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் கலந்த, பரப்பைக் கரைத்துச் சுத்தம் செய்யும் பிக்லிங் பசையால் நீக்கியிருக்க வேண்டும். படகிலேயே முதல் துரு அந்த மூலையில்தான் பூத்தது. கேட்டபோது, 316 துருப்பிடிக்காது, நீங்கள் கழுவுவதில்லை என்ற பதில் வந்தது. நான் வாரந்தோறும் நன்னீரால் கழுவுகிறேன்.

எலக்ட்ரோபாலிஷுக்கும் எல்லை உண்டு. வலப்புற அடித்தட்டு ஒன்றைக் கழற்றியபோது, ரப்பர் வாஷருக்கு அடியில் பழுப்புச் சேறும் ஊசிமுனை அளவுக் குழிகளும் இருந்தன. ஆக்சிஜன் புகாத இடுக்கில் எந்த மெருகும் 316-ஐக் காப்பாற்றாது. குரோமியம், மாலிப்டினம், நைட்ரஜன் அளவுகளிலிருந்து கணக்கிடும் குழியரிப்பு எதிர்ப்பு எண் கூடக் கூட எஃகு நன்றாகத் தாங்கும். 316-க்கு அது ஏறத்தாழ 25, 2205 டூப்ளெக்ஸ் என்னும் இன்னொரு வகைத் துருப்பிடிக்காத எஃகுக்கு ஏறத்தாழ 35. எப்போதும் கடல்நீரில் மூழ்கியிருக்கும் பாகங்களுக்கு 40-க்கு மேல் கேட்பது வழக்கம். எனவே இந்தப் பொருளை நீர்மட்டத்துக்கு மேலே மட்டும் பரிந்துரைக்கிறேன். அங்கும் அடித்தட்டுக்குக் கீழே சீலன்ட் நிரப்பியே பொருத்த வேண்டும்.

எலக்ட்ரோபாலிஷ் வகையைத் தயங்காமல் வாங்கலாம். பிரஷ் ஃபினிஷ் வகையை, இப்போது வரும் தரத்தில், கடலுக்கு வாங்க வேண்டாம். இடப்புறக் குழாய்களின் எஃகில் குறையில்லை என்பதால் அவற்றைத் தூக்கி எறியப் போவதில்லை. கழற்றி, வெல்டிங் மூலைகளைப் பிக்லிங் செய்து, கோடுகளை நுண்ணிய எமரியால் இறக்கிய பின் எலக்ட்ரோபாலிஷுக்கு அனுப்பியிருக்கிறேன்.