மைனஸ் 10 தாங்கும் என்றார், மைனஸ் 3-இல் விறைத்தேன்

அளவு கொடுத்து ஸ்லீப்பிங் பேக் தைத்து வாங்கலாம் என்று நினைப்பவர்கள், முன்பணம் அனுப்புவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். தைத்தவர் பெயரைப் போடப் போவதில்லை. என்னை எந்தெந்த இடத்தில் ஏமாற்றினார் என்று மட்டும் சொல்கிறேன். இதே வேலையை வேறு யாராவது செய்தாலும் உங்களுக்குப் பிடிபட்டுவிடும்.

கடைப் பைகள் எல்லாம் எனக்குப் பெரியவை. என் உயரம் 158 செ.மீ. கால்மாட்டில் ஒரு முழம் காலியாகவே கிடக்கும். ஸ்லீப்பிங் பேக் தானாகச் சூடு தருவதில்லை, நம் உடம்புச் சூட்டை வெளியே விடாமல் பிடித்து வைக்கிறது, அவ்வளவுதான். ஆகவே அந்தக் காலி இடத்தையும் இரவு முழுக்க நம் உடம்புதான் சூடாக்க வேண்டும். அதற்காக உடம்போடு ஒட்டத் தைத்தாலும் வம்புதான், உள்ளே அடைத்திருக்கும் தூவி, அதாவது பறவையின் மெல்லிய அடி இறகு, நசுங்கிவிடும். சரி, நமக்கென்று அளவாக ஒன்று தைத்துக்கொள்வோம் என்று இறங்கினேன்.

அவர் எழுதி அனுப்பிய விவரம் இன்னும் என் போனில் இருக்கிறது. 750 ஃபில் பவர் (தூவி எவ்வளவு உப்பும் என்ற அளவு) வாத்துத் தூவி, 850 கிராம். அறை அறையாகத் தடுப்புத் துணி வைத்த தையல். மழைத்துளி நுழையாத மேல் துணி. மைனஸ் 10 வரை கவலையில்லை. உயரம், தோள் சுற்றளவு, இடுப்புச் சுற்றளவு எல்லாம் கேட்டு வாங்கினார். அவ்வளவு கேட்கிறவர் ஏமாற்றுவாரா என்று எனக்குத் தோன்றியது உண்மை.

பை வந்தது. உள்ளே படுத்தால் கால்மாட்டில் அதே ஒரு முழம். கேட்டதற்கு, "கொஞ்சம் தாராளமாக இருந்தால்தான் மேடம் மாற்று உடுப்பை உள்ளே வைத்துக்கொள்ள முடியும்" என்றார். அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். கையில் இருந்த ஏதோ ஒரு ஆண் அளவு வார்ப்பிலேயே வெட்டியிருக்கிறார். நான் கொடுத்த அளவுகள் சும்மா ஒரு சடங்கு.

முதல் இரவு டெண்டுக்குள் தொங்கவிட்ட சின்னத் தெர்மாமீட்டர் மைனஸ் 3 காட்டியது. இரண்டு மணி வாக்கில் விழித்தேன். உடம்பு மொத்தமாகக் குளிரவில்லை, கோடு கோடாகக் குளிர்ந்தது. தோளுக்குக் குறுக்கே ஒரு கோடு, வயிற்றில் ஒன்று, தொடையில் ஒன்று. ஈரக் கயிற்றால் சுற்றிக் கட்டியது போல. டார்ச் அடித்துப் பார்த்தேன், குளிர்ந்த இடமெல்லாம் தையல் ஓடிய இடம். தையல் கோட்டில் விரலை வைத்து உள் துணியையும் மேல் துணியையும் கிள்ளிப் பிடித்தேன். இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டியே இருந்தன. நடுவில் பஞ்சும் இல்லை, தூவியும் இல்லை, காற்றும் இல்லை.

அறைத் தையல் என்று அவர் சொன்னது இதைத்தான். உண்மையான அறைத் தையலில் மேல் துணிக்கும் உள் துணிக்கும் நடுவே வலை போன்ற மெல்லிய துணியைச் சுவர் மாதிரி நிறுத்தித் தைப்பார்கள். தையல் போகிற இடத்திலும் இரண்டு துணிகளுக்கு இடையே சில சென்டிமீட்டர் தூவி நிற்கும். கிள்ளினால் இரண்டு துணியும் தனித்தனியாக நகரும். என் பையில் இரண்டையும் சேர்த்து வைத்து ஒரே அடியாக மெஷினில் ஓட்டியிருந்தார். வெயில் காலப் பைகளில் இப்படித் தைப்பது தவறில்லை, எடை குறையும், வேலையும் சுலபம். உறைகிற குளிருக்கு விற்கிற பையில் ஒவ்வொரு தையலும் ஒரு திறந்த ஜன்னல்.

இன்னொன்றும் விடிந்த பிறகுதான் தெரிந்தது. பையின் உள்பக்கம் ஈரமாக இருந்தது. நான் மிகவும் பெருமைப்பட்ட அந்த மழை நுழையாத துணியின் வேலை. மேலிருந்து தண்ணீர் உள்ளே வராது, சரி. ஆனால் தூங்கும்போது உடம்பிலிருந்து போகிற நீராவியும் வெளியே போகாது. வெளித்துணி பக்கம் போய்க் குளிர்ந்து, தூவியிலேயே தண்ணீராகத் தங்கிவிடும். நனைந்த தூவி உப்பாது, உப்பாத தூவி சூடு காக்காது. 1911-இல் அண்டார்டிகாவின் நடுக் குளிர்காலத்தில் எம்பரர் பெங்குவின் முட்டை எடுக்கப் போன மூன்று பேருக்கு நடந்தது நினைவுக்கு வந்தது. வியர்வையும் மூச்சும் உறைந்து அவர்களுடைய கலைமான் தோல் பைகள் பலகை மாதிரி ஆகிவிட்டன, உடம்புச் சூட்டில் கொஞ்சம் கொஞ்சமாக இளக்கித்தான் உள்ளே நுழைய முடிந்தது. என் கதை அவ்வளவு மோசமில்லை. இரண்டாவது இரவு முதல் இரவைவிட மோசம், அவ்வளவே.

திரும்பி வந்து அவருக்கு எழுதினேன். இரண்டு பதில் வந்தன.

முதல் பதில்: "மைனஸ் 10 என்பது எக்ஸ்ட்ரீம் அளவு மேடம்." இந்தச் சொல்லை நன்றாகப் பிடித்துக்கொள்ளுங்கள், ஏமாற்று வேலை முழுக்க இதில்தான் இருக்கிறது. ஸ்லீப்பிங் பேக்குகளுக்கு ஐஎஸ்ஓ 23537 என்று ஒரு தர அளவு உண்டு, அதற்கு முன்னால் ஐரோப்பாவின் இஎன் 13537 இருந்தது. சூடேற்றிய மனித பொம்மை ஒன்றுக்கு உள்ளாடை போட்டு, தரையில் விரிக்கும் மேட் மேல் பைக்குள் படுக்கவைத்து, குளிர் அறையில் எவ்வளவு சூடு போகிறது என்று அளப்பார்கள். அதிலிருந்து சில எண்கள் வரும். கம்ஃபர்ட் என்பது ஒரு சராசரிப் பெண் உடம்பைத் தளர்த்திப் படுத்து நிம்மதியாகத் தூங்கக்கூடிய அளவு. லிமிட் என்பது ஒரு சராசரி ஆண் சுருண்டு படுத்துச் சமாளிக்கும் அளவு. எக்ஸ்ட்ரீம் என்பது ஒரு சராசரிப் பெண் ஆறு மணி நேரம் குளிரில் சாகாமல் கிடக்கலாம் என்கிற அளவு. அதில் தூக்கம் என்ற பேச்சே இல்லை, விரல் உறைந்து போகவும் வாய்ப்புண்டு. கம்ஃபர்ட் அளவுக்கும் எக்ஸ்ட்ரீம் அளவுக்கும் நடுவே பதினைந்து, இருபது டிகிரி வித்தியாசம் சர்வ சாதாரணம். அவர் சொன்ன மைனஸ் 10 எக்ஸ்ட்ரீம் என்றால், என்னைப் போன்ற ஒருத்தி நிம்மதியாகத் தூங்க பிளஸ் ஐந்துக்கு மேலாவது வேண்டும். ஒரு எண் மட்டும் எழுதி, அது எந்த அளவு என்று சொல்லாதவரிடம் வாங்கவே வேண்டாம். அப்புறம் ஒன்று கேட்டேன்: பொம்மையும் குளிர் அறையும் இல்லாமல் அந்த மைனஸ் 10 உங்களுக்கு எங்கிருந்து கிடைத்தது? அதற்கு மட்டும் இன்றுவரை பதில் வரவில்லை.

இரண்டாவது பதில்: "உங்கள் மேட் சரியில்லை." இதில் பாதி உண்மை, ஒத்துக்கொள்கிறேன். படுத்தால் முதுகுக்குக் கீழே தூவி நசுங்கிப் போகும், கீழேயிருந்து வரும் குளிரை மேட்தான் தடுக்க வேண்டும். நான் கொண்டுபோனது ஃபோம் மேட், அதன் ஆர் மதிப்பு, அதாவது சூடு கடந்து போவதைத் தடுக்கும் அளவு, சுமார் 2. உறைபனித் தரைக்குப் போதாது. அதனால் அடுத்த முறை அதன் மேல் ஆர் மதிப்பு 4 உள்ள காற்றடிக்கும் மேட் ஒன்றையும் போட்டேன். ஒன்றின் மேல் ஒன்று வைத்தால் மதிப்புகள் கூடும், ஆக 6. அன்று மைனஸ் 1 தான். முதுகு கதகதவென்று இருந்தது. தோளிலும் வயிற்றிலும் அதே கோடுகள்.

அதற்கு மேல் பொறுமை இல்லை. சமையலறைத் தராசில் பையை வைத்தேன்: 1,080 கிராம். வந்த அன்றே செய்திருக்க வேண்டிய வேலை. 850 கிராம் தூவி என்றால், துணி, ஜிப், கயிறு எல்லாம் சேர்த்து 230 கிராமில் அடங்க வேண்டும். அந்தக் கனத்த ரப்பர் பூச்சுத் துணியில் அது நடக்கிற காரியமா? கத்தரியை எடுத்து, இருபது அறைகளில் ஒன்றை மட்டும் பிரித்துக் கொட்டினேன். 28 கிராம். எல்லா அறையிலும் அதே அளவு என்று வைத்தாலும் 560-ஐத் தாண்டாது.

அந்த 28 கிராமும் தூவி இல்லை. நல்ல தூவி என்பது காம்பு இல்லாத குட்டி நட்சத்திரம் மாதிரி இருக்கும். உள்ளங்கையில் வைத்து அழுத்திவிட்டால் மெல்ல எழுந்து நிற்கும். ஃபில் பவர் என்பதே ஓர் அவுன்ஸ் தூவி எத்தனை கன அங்குலம் உப்பி நிற்கிறது என்ற கணக்குதான். என் தட்டில் கிடந்தவற்றில் பாதிக்குக் கெட்டியான காம்பு இருந்தது, சாதாரண இறகு. மீதியில் வெள்ளையாக, பளபளப்பாக ஏதோ நார். இடுக்கியில் பிடித்துத் தீக்குச்சி காட்டினேன். இறகு முடி கருகும் நாற்றத்தோடு பொடியானது. அந்த நார் உருகி, கறுத்த மணி மாதிரி திரண்டது. பாலியெஸ்டர்.

பாலியெஸ்டர் என்பதாலேயே மட்டம் என்று நான் சொல்லவில்லை. ஈரத்தில் தூவியைவிட அது நன்றாகவே தாங்கும். அதைத் தூவி என்று சொல்லி விற்றதுதான் என் புகார். ஜிப்புக்குப் பின்னால் காற்றைத் தடுக்கும் தூவிக் குழல் இல்லை, கழுத்தைச் சுற்றிய பட்டையும் இல்லை. அதெல்லாம் இனிமேல் சொல்லி என்ன.

படம், எடை, உருகிய மணி எல்லாவற்றையும் அனுப்பிப் பணத்தைத் திருப்பிக் கேட்டேன். கடைசியாக வந்த பதில்: "பையை வெட்டிவிட்டீர்களே மேடம், வெட்டிய பொருளைத் திரும்ப எடுப்பதில்லை." ஆகவே கத்தரியைத் தொடாதீர்கள். பை வந்த அன்றே எடை போடுங்கள், தையலைக் கிள்ளிப் பாருங்கள், இரண்டையும் வீடியோ எடுத்து அன்றைக்கே அனுப்புங்கள். எனக்கு இந்த இரண்டே போதுமாக இருந்திருக்கும்.

பிரித்த அறையை மறுபடி தைத்து மூடிவிட்டேன். பத்து டிகிரிக்குக் கீழே போகாத இடங்களுக்கு இப்போது அதைத்தான் கொண்டு போகிறேன். காம்பு மட்டும் அவ்வப்போது குத்துகிறது.