மியூட்டினி ஆன் தி பவுண்டி (1935) டிவிடி: அந்தப் படகுக்காகவே வாங்கலாம்

சரக்குக் கப்பலில் 19 வருடம் டெக் வேலை பார்த்தவன் நான். கடல் படம் போட்டால் என் கண் நடிகர்களை விட்டுவிட்டுக் கயிற்றின் மேல்தான் முதலில் போகும். ஃபிராங்க் லாயிட் இயக்கிய இந்தப் படத்தில் பாய்மரத்தில் ஏறுகிறவர்கள் ஏறத் தெரிந்தவர்களாக ஏறுகிறார்கள். அதிலேயே மனசு நிறைந்துவிட்டது.

கதை உண்மையில் நடந்தது. பசிபிக் கடல் தீவான டஹிட்டியிலிருந்து சீமைப்பலாக் கன்றுகளை மேற்கிந்தியத் தீவுகளுக்குக் கொண்டுபோக, 1787 டிசம்பரில் இங்கிலாந்திலிருந்து புறப்பட்ட கப்பல் பவுண்டி. கரும்புத் தோட்டத்து அடிமைகளுக்கு மலிவாகச் சோறு போட ஒரு வழி. மார்த்தாண்டம் சந்தையில் வாங்கிவந்து தேங்காய் அரைத்துக் கறி வைக்கிறோமே, அதே காய்தான்.

கேப்டன் பிளையாக சார்லஸ் லாட்டன். அந்த உதட்டைப் பார்த்தாலே அடிவயிறு கலங்குகிறது. கேப்டனை எதிர்த்துக் கலகம் செய்யும் துணை அதிகாரி ஃபிளெட்சர் கிறிஸ்டியனாக கிளார்க் கேபிள், மீசையை எடுத்துவிட்டு வருகிறார். சிறந்த படத்துக்கான ஆஸ்கர் இதற்குத்தான் கிடைத்தது.

ஆனால் பிளைக்குப் படம் அநியாயம் செய்திருக்கிறது. கப்பலுக்கு அடியில் ஆளைக் கட்டி இழுக்கும் தண்டனை பவுண்டியில் நடக்கவே இல்லை. கலகக்காரர்களைத் தேடிப் போன பண்டோரா கப்பலுக்கும் பிளை கேப்டன் இல்லை. எட்வர்ட் எட்வர்ட்ஸ் என்பவர்.

அப்புறம் அந்தப் படகு. 1789 ஏப்ரல் 28 அன்று 23 அடி நீளமுள்ள திறந்த படகில் பிளையோடு சேர்த்து 19 பேரை இறக்கிவிட்டார்கள். கையில் வரைபடம் கிடையாது. டோஃபுவா தீவில் ஒருவர் கொல்லப்பட்டார். மற்ற 18 பேரையும் 3,600 கடல் மைலுக்கு மேல் ஓட்டி, ஜூன் 14 அன்று திமோர் தீவில் கரை சேர்த்தார் பிளை. புயலில் லைஃப் போட்டுக்குள் உட்கார்ந்து பார்த்தவனுக்குத் தெரியும், இரண்டு நாளே எவ்வளவு நீளம் என்று. இது 47 நாள். படத்தில் அந்தப் பகுதி கொஞ்ச நேரம்தான், ஆனால் லாட்டன் அங்கே வேறு மனிதராகிவிடுகிறார். மூன்று முறை திரும்பப் போட்டுப் பார்த்தேன்.

கறுப்பு வெள்ளைப் படம் பளிச்சென்று இருக்கிறது. ஆங்கில சப்டைட்டில் உண்டு. தபாலில் வந்த பெட்டி விரிசலோடு வந்தது, தட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. கலகக்காரர்கள் குடியேறிய பிட்கேர்ன் தீவைப் பற்றிய பழைய குறும்படம் ஒன்றும் கூடவே இருக்கிறது. பெரிய படம் முடிந்ததும் எழுந்து போய்விடாதீர்கள்.