‘ஓஸிமாண்டியஸ்’: பல தடவை பார்த்த பிறகும் தீராத இரண்டு போன் கால்கள்

அமெரிக்க க்ரைம் தொடரான பிரேக்கிங் பேடில் மொத்தம் 62 எபிசோடுகள். அதில் 60வது, ஐந்தாம் சீசனின் 14வது எபிசோடுதான் ‘ஓஸிமாண்டியஸ்’. 2013 செப்டம்பர் 15 அன்று ஏஎம்சி சேனலில் வந்தது. கதையை உடைக்காமல் இதைப் பற்றி எழுத வழியே இல்லை. தொடரை இன்னும் முடிக்காதவர்கள் இங்கேயே நிறுத்திவிட்டு, முடித்துவிட்டு வாருங்கள்.

எழுதியவர் மொய்ரா வாலி பெக்கெட், இயக்கியவர் ரையன் ஜான்சன். 2014 எம்மி விருதுகளில் எழுத்துக்காக பெக்கெட்டுக்கும், நடிப்புக்காக பிரையன் கிரான்ஸ்டனுக்கும் ஆனா கன்னுக்கும் விருது கிடைத்தது. ஐஎம்டிபியில் பல வருடங்கள் 10க்கு 10 என்ற மதிப்பெண்ணோடு நின்றது. இதெல்லாம் ஊரறிந்த விஷயம். முதல் தடவை பார்த்தவர்கள் அதிர்ந்துபோனதில் ஆச்சரியமில்லை. முடிவு தெரிந்த பிறகும், நாலாவது ஐந்தாவது தடவை பார்க்கும்போதும் இதன் பலம் குறையாமல் இருப்பதுதான் கவனிக்க வேண்டியது. க்ரைம் தொடர்களில் ‘ட்விஸ்ட்’ எபிசோடுகள் இரண்டாம் தடவையிலேயே காற்றுப்போன பலூனாகிவிடும். இது ஆகவில்லை. ஏனென்றால் இதில் ட்விஸ்ட் என்று ஒன்றே கிடையாது. நடப்பது எல்லாம் முன்பே வாங்கிய கடன், இப்போது வட்டியோடு வசூலாகிறது.

அந்தக் கணக்கு ஒரு போன் காலில் தொடங்கி இன்னொரு போன் காலில் முடிகிறது.

முதல் கால், டைட்டிலுக்கு முன்னால் வருகிறது. முந்தைய வாரத்து எபிசோடு பாலைவனத்தில் துப்பாக்கிச் சூட்டின் நடுவில் அறுந்து நின்றது. யார் பிழைத்தார்கள் என்று தெரிந்துகொள்ளப் பதறி உட்கார்ந்தவர்களுக்குக் கிடைப்பது கொதிக்கும் குடுவை. கதையின் தொடக்க நாட்கள். அதே டோஹாஜிலீ பாலைவனம். வேதியியல் ஆசிரியர் வால்டரும் அவருடைய பழைய மாணவன் ஜெஸ்ஸியும் பழைய ஆர்வி வண்டியில் (வீடு மாதிரியான வேன்) முதல் முறையாக மெத் போதைப்பொருள் காய்ச்சுகிறார்கள். வால்டர் வெளியே வந்து, மனைவியிடம் சொல்லப்போகும் பொய்யைத் தனியாக நின்று ஒத்திகை பார்க்கிறார். பிறகு போன் போடுகிறார். கார் வாஷில் முதலாளி பிடித்து வைத்துக்கொண்டார், வர நேரமாகும் என்கிறார். ஸ்கைலர் நம்புகிறாள். வயிற்றில் இருக்கும் குழந்தைக்கு ‘ஹாலி’ என்று பெயர் வைக்கலாமா என்று கேட்கிறாள். அவருக்கும் பிடித்திருக்கிறது. பின்னால் ஜெஸ்ஸி ஒரு குச்சியை வாள் மாதிரி சுழற்றி விளையாடிக்கொண்டிருக்கிறான். பிறகு வால்டர், ஜெஸ்ஸி, வண்டி எல்லாம் ஒவ்வொன்றாக மங்கி மறைந்து வெறும் மணல் மட்டும் மிஞ்சுகிறது. டைட்டில் முடிந்ததும் அதே மணலில் துப்பாக்கிச் சத்தமும் கார்களும் வந்து நிற்கின்றன.

தொடரின் படப்பிடிப்பில் கடைசியாக எடுக்கப்பட்டது இந்தக் காட்சிதான் என்று தெரிந்துகொண்டு பார்த்தால் அதன் எடை கூடும். தெரியாவிட்டாலும் பரவாயில்லை. கவனிக்க வேண்டியது வேறு. ஸ்கைலர் போனை எடுக்கும் சமையலறையில் கத்திகள் செருகிய மரக்கட்டை ஃபிரேமில் தெரிகிறது. முதல் தடவை யாரும் அதைப் பார்ப்பதில்லை, பார்க்கவும் முடியாது. அரை மணி நேரம் கழித்து அதே சமையலறையில் போனும் கத்திக்கட்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்க, எதை எடுப்பது என்று ஸ்கைலர் தடுமாறும் ஷாட் வரும். கத்தியை எடுக்கிறாள். இரண்டாம் தடவை பார்ப்பவர்களுக்கு முதல் காட்சியிலேயே நெஞ்சு கனக்கத் தொடங்குவது இதனால்தான். அன்று அந்தக் கையில் போன் இருந்தது. அதில் வந்தது ஒரு பொய். இன்று அதே கையில் இருக்கும் கத்திக்கு அந்தப் பொய்தான் கைப்பிடி.

வால்டரின் சகலையும் போதைப்பொருள் தடுப்பு அதிகாரியுமான ஹேங்க் சாகும் காட்சியைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. ஒன்று மட்டும். ஹேங்கைக் கொல்லப்போகும் கும்பலின் தலைவன் ஜாக்கிடம் வால்டர் பேரம் பேசுகிறார். 8 கோடி டாலர் பணத்தை மொத்தமாகக் கொடுத்துவிடத் தயாராக இருக்கிறார். ஐந்து சீசன்களாக அவரைக் காப்பாற்றிய ஆயுதம் பேச்சு. எந்த மூலையில் மாட்டினாலும் பேசியே வெளியே வந்தவர். அந்த ஆயுதம் முதல் முறையாக மொத்தமாக மழுங்கிப்போவதை இங்கே பார்க்கிறோம். நீ எனக்குத் தெரிந்தவர்களிலேயே பெரிய புத்திசாலி, ஆனால் இவன் பத்து நிமிடத்துக்கு முன்பே முடிவெடுத்துவிட்டான் என்பது உனக்குப் புரியவில்லையே என்று ஹேங்க் சொல்கிறார். காலில் குண்டு பாய்ந்து கிடக்கும் மனிதருக்குப் புரிந்தது வால்டருக்குப் புரியவில்லை. சுட்டதும் ஒலி அமுங்கிவிடுகிறது. வால்டர் பக்கவாட்டில் சாய்ந்து, வாய் திறந்தபடி, கன்னம் வெடிப்பு விட்ட தரையில் பட விழுகிறார். ஆங்கிலக் கவிஞர் ஷெல்லி 1818ல் வெளியிட்ட ‘ஓஸிமாண்டியஸ்’ கவிதையில் மணலில் பாதி புதைந்து கிடக்கும் சிலையின் முகம் அப்படியே இங்கே கிடக்கிறது. கவிதையைப் படிக்காதவருக்கும் அந்த ஷாட் புரியும். தலைப்புக்கு விளக்கம் தேடிப் போகாமல் முதலில் ஷாட்டைப் பாருங்கள்.

அதன் பிறகு வருவதுதான் கொடுமை. ஏழு பீப்பாய் பணத்தில் ஆறை எடுத்துக்கொண்டு, பணம் இருந்த அதே குழியில் ஹேங்கையும் அவருடைய சக அதிகாரி கோமஸையும் புதைக்கிறார்கள். காருக்கு அடியில் ஒளிந்திருக்கும் ஜெஸ்ஸியைக் காட்டிக்கொடுத்துவிட்டு, அவனை இழுத்துப்போகும் முன் வால்டர் ஒரு ரகசியத்தைச் சொல்கிறார்: உன் காதலி ஜேன் மூச்சுத் திணறிச் செத்தபோது நான் அங்கேதான் நின்றேன், காப்பாற்றியிருக்கலாம், காப்பாற்றவில்லை. இரண்டாம் சீசனின் 12வது எபிசோடில் நடந்தது அது. மூன்று சீசன்களாக ரசிகர்கள் அந்த உண்மை எப்போது வெடிக்கும் என்று காத்திருந்தார்கள். கண்ணீரோடு வரும், சண்டையில் வரும், மன்னிப்பாக வரும் என்று எல்லா விதமாகவும் எதிர்பார்த்தார்கள். வந்தது சாவகாசமான குரலில், வலிக்க வேண்டும் என்பதற்காக மட்டும். வால்டர் பக்கம் கடைசிவரை நின்ற ரசிகர்களில் பலர் கைவிட்ட இடம் இதுதான்.

ஜாக் விட்டுவிட்டுப் போன ஒரு பீப்பாயில் சுமார் 1.1 கோடி டாலர். கார் டேங்கில் ஓட்டை, பெட்ரோல் தீர்ந்துவிடுகிறது. பாலைவனத்தில் பீப்பாயை உருட்டிக்கொண்டு போகிறார். பின்னணியில் தி லைம்லைட்டர்ஸ் குழுவின் பழைய நாட்டுப்புறப் பாட்டு. இந்த இடத்தில் ஃபிரேமின் ஓரத்தில் ஒரு பேண்ட் கிடக்கும். முதல் எபிசோடில் காற்றில் பறந்துபோன வால்டரின் பேண்ட் ஞாபகம் இருக்கிறதா? அதை அவர் பார்ப்பதில்லை, தாண்டிப் போகிறார். சிறிய திரையில் பார்த்தால் நிச்சயம் தவறவிடுவீர்கள்.

இனி இரண்டாவது கால். நீண்ட நாள் ரசிகர்கள் இன்றுவரை வாதாடுவது இதைப் பற்றித்தான்.

வீட்டில் கத்திச் சண்டை. மகன் குறுக்கே பாய்ந்து அம்மாவை மறைத்துக்கொண்டு, அப்பாவைப் பற்றியே போலீசுக்குப் போன் செய்கிறான். வால்டர் எழுந்து நின்று, உங்களுக்கெல்லாம் என்ன ஆயிற்று, நாம் ஒரு குடும்பம் என்று கத்துகிறார். பிறகு அதே வார்த்தையைத் தணிந்த குரலில், தனக்கே சொல்வதுபோல மறுபடி சொல்கிறார். குழந்தை ஹாலியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார். ராத்திரி வால்டரிடமிருந்து வீட்டுக்குப் போன் வருகிறது. பக்கத்தில் போலீஸ் கேட்டுக்கொண்டிருக்கிறது, ஸ்கைலரின் தங்கை மேரியும் இருக்கிறாள். போலீஸ் இருக்கிறதா என்று கேட்கிறார். இல்லை என்று ஸ்கைலர் சொல்கிறாள். உடனே வசை மழை. உனக்கு என்ன ஆயிற்று, நான் சொன்ன ஒன்றையாவது செய்தாயா, நான் எச்சரித்தேன், இதைக் கட்டியது நான், நான் மட்டும்தான், வேறு யாருமில்லை.

முதல் தடவை கேட்கும்போது பலர் இதை அப்படியே எடுத்துக்கொள்வார்கள்: முகமூடி கழன்றுவிட்டது, உண்மையான வில்லன் பேசுகிறான் என்று. இரண்டாம் தடவை புரியும். ஸ்கைலரைக் குற்றத்திலிருந்து விடுவிப்பதற்காக, போலீஸ் காதில் விழவேண்டும் என்றே வார்த்தைகளைப் பொறுக்கிப் பேசுகிறார். ‘நான் மட்டும்தான்’ என்பது வீறாப்பு மட்டும் அல்ல, அவளுக்கான சாட்சியம். கேமரா அவர் முகத்துக்குப் போகும்போது குரல் உறுமுகிறது, கண்ணில் தண்ணீர் வழிகிறது. நடுவில் ஒரு கணம் ஸ்கைலருக்கும் புரிந்துவிடுகிறது. அந்தக் கணத்தை ஆனா கன் கண்களிலேயே காட்டுகிறார், வசனம் கிடையாது. அதன் பிறகு அவள் சொல்லும் ‘ஸாரி’ வேறு அர்த்தத்தில் ஒலிக்கிறது.

மூன்றாம் தடவைக்கு மேல் பார்ப்பவர்களுக்கு இந்த விளக்கமும் போதாது. அந்த வசவில் பாதி நடிப்பு என்றால் மீதி? அவள் பேசுவதுபோலப் பழித்துக்காட்டி, இது சட்ட விரோதம், யாருக்காவது அடிபடும் என்று எப்போது பார்த்தாலும் புலம்பினாயே என்கிறாரே, அந்தக் கசப்பு அந்த நிமிடத்தில் கற்பனை செய்ததல்ல. ஒரு வருடமாகச் சேர்த்து வைத்தது. ‘உனக்கு என்ன ஆயிற்று’ என்ற அதே கேள்வியைச் சில மணி நேரத்துக்கு முன் ஹாலில் நின்று நிஜமாகவே கேட்டவர் அவர். நிஜத்தில் கேட்டதை நடிப்பில் திரும்பக் கேட்கிறார். முழு நடிப்பு என்பவர்களும் முழு உண்மை என்பவர்களும் காட்சியின் பாதியைத்தான் பார்க்கிறார்கள் என்பதே இங்கே எடுக்கும் நிலைப்பாடு. அவளைக் காப்பாற்றும் அன்பும் அவளைக் குத்தும் வன்மமும் ஒரே வாக்கியத்தில் ஓடுகின்றன. தொடக்கக் காலில் ஒத்திகை பார்த்து ஒரு சின்னப் பொய் சொன்னவர், இங்கே ஒத்திகையே இல்லாமல் வாழ்க்கையின் மிகப் பெரிய பொய்யைச் சொல்கிறார். முதல் பொய் குடும்பத்தை ஏமாற்ற. கடைசிப் பொய் அதே குடும்பத்துக்குக் கொடுக்க மிஞ்சியிருந்த ஒரே பொருள்.

அந்தக் காலுக்கு முன்னால், பொதுக் கழிவறையில் குழந்தையின் உடையை மாற்றும்போது ஹாலி ‘அம்மா’ என்று திரும்பத் திரும்ப அழைக்கிறாளே, அது திரைக்கதையில் இல்லை. கேமராவுக்குப் பக்கத்தில் நின்ற நிஜ அம்மாவைப் பார்த்துக் குழந்தை கூப்பிட்டது. கிரான்ஸ்டன் காட்சியை நிறுத்தாமல் அதை வாங்கிக்கொண்டு நடித்தார். குழந்தையைத் திருப்பி அனுப்ப வால்டர் எடுக்கும் முடிவுக்கு இதைவிட வலுவான காரணத்தை யாரும் எழுதியிருக்க முடியாது.

குறைகள் இல்லாமல் இல்லை. 8 கோடி டாலரைத் தோண்டி எடுக்கும் கும்பல் ஒரு பீப்பாயை விட்டுவிட்டு, சாட்சியான வால்டரையும் உயிரோடு விடுவது, கும்பலில் இருக்கும் டாட் அவர்மேல் வைத்திருக்கும் மரியாதையைச் சொல்லி நியாயப்படுத்தப்பட்டாலும், கதைக்கு வசதியான முடிவுதான். கோமஸின் மரணம் காட்டப்படவே இல்லை. தொடக்கத்திலிருந்து கூட வந்த மனிதருக்கு அது அநியாயம். ஜெஸ்ஸியின் பகுதி அவசரமாகக் கடக்கிறது. சங்கிலியில் கட்டப்பட்டு, பழைய காதலி ஆண்ட்ரியா, அவள் மகன் பிராக் ஆகியோரின் புகைப்படத்தைப் பார்க்கும் அந்த ஒரு நிமிடம் இன்னும் கொஞ்சம் நின்றிருக்கலாம்.

திரும்பப் பார்ப்பவர்களுக்குச் சில நடைமுறை விஷயங்கள். இந்த எபிசோடை மட்டும் தனியாகப் போட்டுப் பார்த்துவிட்டு ‘அவ்வளவு ஒன்றும் இல்லையே’ என்று சொல்பவர்கள் உண்டு. தப்பு எபிசோடில் இல்லை, கடன் வாங்கிய காட்சிகள் மறந்துபோனதில்தான். முழுத் தொடரையும் மறுபடி பார்க்க நேரமில்லையென்றால் ஐந்து போதும்: முதல் எபிசோடு, இரண்டாம் சீசன் 12, ஐந்தாம் சீசனில் 4, 8, 13. மொத்தம் நான்கு மணி நேரம் ஆகும். 4வது எபிசோடும் ரையன் ஜான்சன் இயக்கியதுதான். ஸ்கைலரின் பயம் எங்கிருந்து தொடங்குகிறது என்பது அதில் இருக்கிறது. அதைத் தவிர்த்துவிட்டால் கத்திக் காட்சியில் அவள் திடீரென்று மாறியதுபோலத் தோன்றும்.

யூடியூப் துண்டுகளில் போன் காலைத் தனியாகப் பார்ப்பது மிக மோசமான வழி. முதல் கால் இல்லாமல் இரண்டாம் கால் வெறும் வசவு. சப்டைட்டில் தேவையில்லாதவர்கள் ஹேங்க் காட்சியில் அதை அணைத்துவிடுங்கள். வரி முன்கூட்டியே திரையில் வந்துவிடுவதால், பேச்சுக்கும் தோட்டாவுக்கும் இடையிலுள்ள அந்த நூலிழை நேரம் பாழாகிவிடும். ஹெட்போன் இருந்தால் போடுங்கள்: சுட்டபின் ஒலி அமுங்குவது போன் ஸ்பீக்கரில் தெரியவே தெரியாது. இன்னொன்று, நடிகர்கள் பெயர்கள் வழக்கம்போல் தொடக்கத்தில் ஓடாமல் சுமார் 20 நிமிடம் தள்ளி வரும். அதுவரை கண்ணை இழுக்க எழுத்து எதுவும் வேண்டாம் என்று ஒதுக்கிய இடம் அது. அந்த 20 நிமிடத்தில் பாஸ் செய்து எழுந்து போகாதீர்கள்.

முக்கியமாக, ஆட்டோப்ளேயை அணைத்துவிடுங்கள். கடைசிக் காட்சியில் ஒரு சிவப்பு வேன் வந்து நிற்கிறது. வால்டர் பீப்பாயோடு ஏறுகிறார், வேன் போகிறது, காலியான சாலையை ஒரு நாய் கடந்து போகிறது. ஆட்டோப்ளே விட்டிருந்தால் அந்த நாய் சாலையைக் கடந்து முடிப்பதற்குள் அடுத்த எபிசோடின் பட்டன் திரையில் வந்து நிற்கும்.