பேரன்ட்ஸ்க்கான சிபிடி குரூப்: காசு கொடுத்துப் போலாமா?

ரொம்ப பேர் இன்பாக்ஸ்ல கேட்டுட்டே இருக்கீங்க, ஒவ்வொருத்தருக்கா டைப் பண்ண முடியல, அதான் மொத்தமா இங்க எழுதிடறேன். வேளச்சேரி பக்கம் ஒரு தெரபி சென்டர், என் பையனை ஆக்குபேஷனல் தெரபிக்கு அங்கதான் கூட்டிட்டுப் போறேன், அங்கயே அப்பா அம்மாக்களுக்குன்னு ஒரு சிபிடி (காக்னிட்டிவ் பிஹேவியர் தெரபி, நம்ம எண்ணத்தையும் நடந்துக்கற விதத்தையும் கவனிச்சு மாத்திக்கப் பழக்கற பேச்சு சிகிச்சை) குரூப் நடத்துறாங்க. சென்டர் பேர் போடல, ஏன்னா குறையும் சொல்லப் போறேன், அவங்க பொழப்பு ஏன் கெடணும். பையனுக்கு ஏடிஹெச்டி (கவனம் ஒரு எடத்துல நிக்காது, துறுதுறுன்னு இருப்பான்), ரெண்டாம் கிளாஸ்.

சனிக்கிழமை காலையில ஒன்றரை மணி நேரம், வாரம் ஒரு தடவை, ரெண்டு மாசம். பத்து பேருக்குள்ளதான் சேத்துக்கறாங்க. ஒரு செஷனுக்கு 600 ரூபா. சென்னைல ஒரு சைக்காலஜிஸ்ட்டைத் தனியா பாக்கப் போனா 1000, 1500னு ஆரம்பிக்குது, அதனால ரேட் பரவால்ல. நாம உள்ள இருக்கற நேரத்துலயே பசங்களுக்கும் செஷன் போட்டுடறாங்க. இது சின்ன விஷயமா தெரியலாம், ஆனா "புள்ளைய எங்க விட்டுட்டு வர்றது"ங்கற ஒரே கேள்விலயே நம்மள்ல பாதி பேர் எதுக்கும் போக மாட்டோம், அதனால இதுக்கு மட்டுமே ஒரு ஸ்டார் குடுக்கலாம்.

நேராவே சொல்லிடறேன், போலாம். அஞ்சுக்கு நாலு ஸ்டார். ஆனா என்ன எதிர்பாத்துப் போறீங்கங்கறது முக்கியம். புள்ளைய ஒரு எடத்துல உக்கார வைக்க டிப்ஸ் குடுப்பாங்கன்னு வந்த ரெண்டு பேர் முதல் கிளாஸ்லயே கடுப்பாகிட்டாங்க. இங்க புள்ளையப் பத்தி பேச்சு கம்மி, நம்ம மண்டைக்குள்ள என்ன ஓடுதுங்கறதுதான் பாடம். அமெரிக்கால பிலடெல்பியால ஆரோன் பெக்னு ஒரு மனநல டாக்டர், 1960கள்ல டிப்ரஷன் பேஷன்ட்ஸைப் பாத்துட்டு இருந்தப்ப, அவங்க மனசுல சட்டு சட்டுனு தானா ஒரு எண்ணம் வந்து போகுது, அதை அவங்க சரியா தப்பான்னு கூட பாக்காம அப்படியே நம்பிடறாங்க, அதுலேர்ந்துதான் மூட் கெடுதுன்னு கவனிச்சு இந்த முறைய உருவாக்கினாராம். மனுஷன் 100 வயசு வாழ்ந்து 2021லதான் போய்ச் சேர்ந்தார். டென்ஷன் குறைக்கற வித்தை அவருக்காவது வேலை செஞ்சிருக்கு போல!

சரி, எங்க வீட்டுக் கதைய வச்சே சொல்றேன். ஹோம்வொர்க் நேரம். ரெண்டு கணக்கு போடுவான், ரப்பர் கீழ விழும், எடுக்கறேன்னு மேசைக்கு அடியில போவான், போனவன் அங்கயே செட்டில் ஆகிடுவான். எனக்கு சுர்ருனு ஏறும். குரூப் நடத்தற மேடம் கேட்டாங்க, "ரப்பர் விழுந்ததுக்கும் நீங்க கத்துனதுக்கும் நடுவுல மனசுல என்ன ஓடுச்சு?"ன்னு. யோசிச்சா, "வேணும்னே பண்றான், இப்பவே இப்படின்னா டென்த்ல என்ன பண்ணுவான், இவனை எவன் வேலைக்கு எடுப்பான்". மூணு செகண்டுல ரெண்டாம் கிளாஸ்லேர்ந்து வேலைவாய்ப்பு ஆபீஸ் வரைக்கும் போயிட்டு வந்திருக்கேன்.

அதுக்கு ஒரு ஷீட் இருக்கு, இதுதான் மொத்த கோர்ஸுக்கும் அடிப்படை. என்ன நடந்துச்சு, என்ன ஃபீலிங், நூத்துக்கு எத்தனை, மனசுல ஓடுன எண்ணம், அது உண்மைன்னு சொல்ல என்ன ஆதாரம், இல்லைன்னு சொல்ல என்ன ஆதாரம், ரெண்டையும் பாத்தப்புறம் என்ன தோணுது, இப்ப ஃபீலிங் நூத்துக்கு எத்தனை, இப்படி கட்டம் கட்டமா எழுதணும். நான் கோபம் 85னு போட்டேன். 'வேணும்னே பண்றான்'க்கு எதிர் ஆதாரம் எழுத உக்காந்தா முதல்ல ஒண்ணுமே வரல, அப்புறம் ஞாபகம் வந்துச்சு, அவனுக்கு கிரிக்கெட்னா உசுரு, அதுலயும் ஃபீல்டிங்ல நிக்க வச்சா குனிஞ்சு மண்ணைக் கிளறிட்டு இருப்பான், பந்து தாண்டிப் போறதே தெரியாது. உசுரா நினைக்கற விஷயத்துலயே அப்படித்தான்னா என்னை வெறுப்பேத்தறதுக்காக ரப்பரைக் கீழ போடல. கோபம் 50க்கு வந்துச்சு. ஸீரோ ஆகணும்னு யாரும் கேக்கல. 50ல இருந்தா குரல் ஏறாது, நாலு கணக்கு முடிச்சா எந்திரிச்சு தண்ணி குடிச்சுட்டு வரலாம்னு சொல்ற அளவுக்கு புத்தி வேலை செய்யுது, அவ்ளோதான் வேணும்.

இந்த மாதிரி மனசு பண்ற தப்புகளுக்கெல்லாம் ஒரு லிஸ்ட் வச்சிருக்காங்க. ஒண்ணு சரியில்லன்னா எல்லாமே போச்சுன்னு நினைக்கறது, நடக்காததை எல்லாம் நடந்த மாதிரி கற்பனை பண்ணிக்கறது, எல்லாம் என்னாலதான்னு பழிய இழுத்துப் போட்டுக்கறது, அடுத்தவங்க மனசுல இருக்கறது எனக்குத் தெரியும்னு நம்பறது. கடைசி ஐட்டத்துல நான் கையத் தூக்கிட்டேன். "மேடம், எங்க சொந்தக்காரங்க மனசுல என்ன இருக்குன்னு நான் ஊகிக்கவே தேவையில்ல, கல்யாண மண்டபத்துல நேராவே சொல்லிடறாங்க, கொஞ்சம் கண்டிச்சு வளர்த்திருந்தா இப்படி ஓடுவானான்னு." மேடம் சிரிச்சுட்டாங்க. அன்னிக்கு ஷீட்டை மூடி வச்சுட்டு, பக்கத்துல இருந்த அக்காவை என் பெரியம்மாவா உக்கார வச்சு, எப்படிப் பதில் சொல்றதுன்னு நடிச்சுப் பாத்தோம். "டாக்டர் சொன்னபடி பாத்துட்டுதான் இருக்கோம் பெரியம்மா, நீங்க சாப்டீங்களா?" சண்டையும் இல்ல, கூனிக்குறுகி நிக்கறதும் இல்ல. போன மாசம் ஒரு வளைகாப்புல யூஸ் பண்ணேன், நல்லாவே வேலை செய்யுது.

இந்த குரூப் மேல எனக்கு மரியாதை வந்தது ஒரு பாட்டிம்மாவாலதான். பொண்ணும் மாப்பிள்ளையும் பிரிஞ்சுட்டாங்க, ஆட்டிசம் உள்ள பேரனை இவங்கதான் வளர்க்கறாங்க. எண்ணம்னு கேட்டப்ப, "நான் கண்ணை மூடிட்டா இவனை யாரு பாப்பா"ன்னாங்க. ரூம்ல சத்தமே இல்ல. இதுக்கு எதிர் ஆதாரம் எழுதுங்கன்னு சொல்லியிருந்தா நான் அன்னிக்கே கிளம்பியிருப்பேன். மேடம் அப்படிச் சொல்லல. "பாட்டிம்மா, இது தப்பான எண்ணம் இல்ல, நிஜமான பிரச்சனை, இதுக்கு வேற ஷீட்"னு எடுத்தாங்க. பிரச்சனைய உடைச்சு, என்னென்ன வழி இருக்குன்னு கொட்டி, அதுல இந்த மாசம் செய்ய முடிஞ்சது எதுன்னு பாக்கறது. யுடிஐடி கார்டு (மாற்றுத்திறனாளிகளுக்கு அரசு குடுக்கற அடையாள அட்டை) வாங்கியாச்சா, 1999ம் வருஷ நேஷனல் டிரஸ்ட் சட்டத்துல ஆட்டிசம் வருது, அதுல நிராமயான்னு 1 லட்சம் ரூபா வரைக்கும் ஹெல்த் இன்சூரன்ஸ் இருக்கு தெரியுமா, பேரனுக்கு 18 ஆனதும் கலெக்டர் இருக்கற கமிட்டி மூலமா கார்டியன் போட்டுக்கலாம், அதுக்கு சொந்தத்துல யார்கிட்ட இப்பவே பேசி வைக்கலாம். பாட்டிம்மா நாலு வரி எழுதி வாங்கிட்டுப் போனாங்க. அடுத்த வாரம் தம்பி மகன்கிட்ட பேசிட்டேன்னு வந்து சொன்னாங்க. கவலை போகல, ஆனா ராத்திரி கொஞ்சம் தூங்கறாங்களாம்.

எந்த எண்ணத்தைக் கேள்வி கேக்கணும், எதைப் பிரச்சனையா எடுத்துத் தீக்கணும்னு பிரிச்சுப் பாக்கத் தெரிஞ்ச ஆள் நடத்தினாதான் சிபிடி உருப்படும், தெரியாத ஆள் கையில போச்சுன்னா "எல்லாம் உன் நினைப்புலதான் இருக்கு"ன்னு அம்மா தலைலயே கட்டிட்டுப் போயிடுவாங்க. எங்களுக்கே ஒரு வாரம் அது நடந்துச்சு. மேடம் லீவு, ஒரு ஜூனியர் பொண்ணு வந்துச்சு. ஒரு அம்மா, பையனுக்கு ஸ்கூல்ல அட்மிஷன் தர மாட்டேங்கறாங்கன்னு அழறாங்க, இந்தப் பொண்ணு "பாசிட்டிவா யோசிச்சுப் பாருங்க"ங்குது! 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல அரசு அங்கீகாரம் உள்ள ஸ்கூல் பாகுபாடு பாக்காம சேத்துக்கணும்னு தெளிவா இருக்கு, அங்க வேண்டியது மனு, பாசிட்டிவ் இல்ல. அடுத்த வாரம் மேடம் வந்து அதை சரி பண்ணாங்க, யாருக்கு எழுதணும்னும் சொன்னாங்க, ஆனாலும் குறைச்ச ஒரு ஸ்டார்ல பாதி இதுக்குதான்.

மீதி பாதி ஷீட்டுக்கு. முழுக்க இங்கிலீஷ். பாட்டிம்மாவுக்கும் இன்னொரு அம்மாவுக்கும் படிக்கவே வரல. கேட்டப்புறம் வாட்ஸ்அப்ல வாய்ஸ் நோட் அனுப்பினா போதும்னுட்டாங்க, அது நல்ல ஐடியாதான், பாட்டிம்மா அனுப்பற வாய்ஸ் நோட்ல பின்னாடி குக்கர் விசிலும் பேரன் சத்தமும் சேர்ந்தே வரும். ஆனா சென்னைல சென்டர் வச்சுட்டு தமிழ்ல ஒரு பக்கம் அடிக்க என்ன கஷ்டம்னு எனக்குப் புரியல.

ரிலாக்சேஷன் கிளாஸ் பத்தி பெரிசா சொல்ல ஒண்ணுமில்ல, கை முஷ்டிய இறுக்கி விடு, தோளை இறுக்கி விடுன்னு கால் வரைக்கும் வருவாங்க, முடியறதுக்குள்ள பாதி பேர் குறட்டை. அவ்ளோ தூக்கம் பாக்கி நம்ம எல்லாருக்கும். உங்களுக்குன்னு தினம் சந்தோஷமா ஒரு வேலை செய்ங்கன்னு ஒரு அட்டவணை குடுப்பாங்க, அதைப் பாத்ததும் எனக்கு எரிச்சல்தான் வந்துச்சு, நேரம் எங்க இருக்கு. ஆனா குரூப்ல பக்கத்து பக்கத்துத் தெரு அம்மா ரெண்டு பேர் ஞாயித்துக்கிழமை ஒரு மணி நேரம் மாத்தி மாத்தி பசங்களைப் பாத்துக்கறதுன்னு பேசிக்கிட்டாங்க, இன்னும் ஓடுது. ஷீட் சொல்லித் தராததை குரூப் சொல்லித் தந்துச்சு.

அப்பாக்கள்? ரெண்டே பேர். எங்க வீட்டுக்காரர் ஒரு செஷனுக்கு வந்தார், அதுவும் இழுத்துட்டுப் போனதால. ஒரே சண்டையப் பத்தி ரெண்டு பேரும் தனித்தனியா எழுதுங்கன்னாங்க. என் ஷீட்ல "இவருக்கு அக்கறையே இல்ல". அவர் ஷீட்ல "நான் வாயைத் தொறந்தா இவ இன்னும் டென்ஷன் ஆவா, பேசாம இருக்கறதே மேல்". வீட்ல இதைப் பேசியிருந்தா ராத்திரி பூரா போயிருக்கும், பேப்பர்ல பக்கத்துல பக்கத்துல வச்சதால பத்து நிமிஷத்துல முடிஞ்சுது. இப்ப புதன்கிழமை ஹோம்வொர்க் அவரோடது, நான் அந்த ரூம் பக்கமே போறதில்ல.

அதனாலதான் குடும்பத்தையும் சேத்துக்கோங்கன்னு ஃபீட்பேக் ஃபார்ம்ல எழுதிக் குடுத்தேன். மேடமே ஒருநாள் சொன்னதுதான் இது, பாகிஸ்தான்ல ராவல்பிண்டி பக்கத்து கிராமங்கள்ல டிப்ரஷன்ல இருந்த கர்ப்பிணிகளுக்கு, ஊர் ஊரா போற பெண் சுகாதாரப் பணியாளர்களை வச்சே சிபிடி சொல்லிக் குடுத்திருக்காங்க, அவங்க ஸ்கூல் படிப்பு முடிச்சவங்கதான், சைக்காலஜிஸ்ட் கிடையாது. 2008ல லான்செட்ல வந்துச்சு, குழந்தை பிறந்து ஆறு மாசத்துல சிபிடி கிடைச்ச அம்மாக்கள்ல 23 சதவீதம் பேருக்குதான் டிப்ரஷன் இருந்துச்சு, கிடைக்காதவங்கள்ல 53 சதவீதம். 2015ல உலக சுகாதார நிறுவனமே அதைக் கையேடா போட்டுச்சு. அதுல படம் போட்ட பாடம், வீட்டுக்கே போய் நடத்தினாங்க, மாமியார் புருஷன் எல்லாரையும் சேத்துக்கிட்டாங்க. கிராமத்துல வீட்டுக்குப் போய் மாமியாரை உக்கார வைக்க முடியும்னா வேளச்சேரில சாயங்காலம் ஒரு பேட்ச் போட முடியாதா?

ஒரு முக்கியமான விஷயம். முதல் நாளே ஒன்பது கேள்வி உள்ள ஒரு ஃபார்ம் குடுத்து, தூக்கம், பசி, சாகணும்னு நினைப்பு வருதான்னு கேக்கறாங்க. ஒருத்தரை அன்னிக்கே தனியா கூப்பிட்டுப் பேசி சைக்கியாட்ரிஸ்ட்கிட்ட அனுப்பினாங்க, அது சரியான வேலை. உங்களுக்கு அந்த அளவுக்கு இருந்தா அடுத்த பேட்ச் வரைக்கும் காத்திருக்காதீங்க, அரசோட மனநல ஹெல்ப்லைன் டெலி மானஸ் 14416க்கு எந்த நேரமும் அடிக்கலாம், ஃப்ரீ, தமிழ்லயே பேசுவாங்க. காசு கஷ்டம்னா முட்டுக்காடு நிப்மெட்லயும் (மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம்) கீழ்ப்பாக்கம் ஐஎம்எச்லயும் (மனநல ஆஸ்பத்திரி) விசாரிங்க, ரெண்டுமே கவர்மென்ட்டுதான்.

எந்த சென்டர்ல சேர்றதா இருந்தாலும் பணம் கட்டறதுக்கு முன்னாடி, நடத்தறவங்களுக்கு கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்டா ஆர்சிஐ (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு இருக்கான்னு நம்பர் கேளுங்க, கூச்சப்படாதீங்க, ஒழுங்கா படிச்சவங்க சந்தோஷமா காட்டுவாங்க. அவங்க லீவுன்னா கிளாஸ் தள்ளிப் போகுமா இல்ல வேற யாராவது வருவாங்களான்னும் கேட்டு வச்சுக்கோங்க. இங்க அடுத்த பேட்ச் ஸ்கூல் திறந்தப்புறம்தானாம், ஞாயித்துக்கிழமை அப்பாக்களுக்குத் தனியா போடப் போறதா ரிசப்ஷன்ல சொன்னாங்க, அஞ்சு பேராவது பேர் குடுத்தாதான் நடக்குமாம், இதுவரைக்கும் எங்க வீட்டுக்காரர் பேரையும் சேத்து மூணு.