மின்சார காரில் ஏசி வாடை: ஃபில்டரை மாற்றுவதா, எவாப்பரேட்டரைக் கழுவுவதா?

ஏசி போட்டதும் ஈரத்துணி வாடை அடித்தால், பலரும் முதலில் கேபின் ஃபில்டரைத்தான் (காருக்குள் வரும் காற்றை வடிகட்டும் பாகம்) மாற்றுகிறார்கள். செலவு குறைவு, பெரும்பாலான கார்களில் டேஷ்போர்டில் உள்ள கிளவ் பாக்ஸுக்குப் பின்னால் இருப்பதால் நாமே மாற்றிவிடலாம். கழற்றிப் பாருங்கள்: மடிப்புகளில் கருப்புத் தூசியும் இலைத்துணுக்கும் அப்பியிருந்து, காற்றும் மெதுவாக வந்தால் ஃபில்டர்தான் காரணம்.

புது ஃபில்டர் போட்டும் முதல் ஓரிரு நிமிடம் வாடை அடித்து, அப்புறம் அடங்குகிறதா? அப்படியானால் எவாப்பரேட்டரில், அதாவது ஏசியில் காற்றைக் குளிரவைக்கும் பாகத்தில், பூஞ்சை இருக்கலாம். அதன் குளிர்ந்த தகடுகளில் காற்றின் ஈரம் நீராகப் படியும்; வண்டியை நிறுத்தியதும் அது காயாமல் தங்கிவிடும். நுரை கிளீனர் அடித்துக் கழுவ வேண்டும், நீர் வெளியேறும் குழாயில் அடைப்பையும் பார்க்க வேண்டும். வேலை கூடுதல்தான், ஆனால் பூஞ்சைக்கு இதுதான் சரியான மருந்து. ஆனால் மின்சார காரில் ஆரஞ்சு நிறக் கேபிள்கள் உயர் மின்னழுத்தம் கொண்டவை. அந்தப் பக்கம் கை வைக்கவே வேண்டாம். இறங்குவதற்குச் சில நிமிடம் முன்பே குளிரூட்டலை அணைத்து, ஃபேனை மட்டும் ஓடவிட்டால் தகடு காயும்.

கருகல் வாடையோ, இனிப்பான ரசாயன வாடையோ வந்தால் இரண்டும் உதவாது. வண்டியை ஓரங்கட்டி, எல்லோரும் இறங்கித் தள்ளி நின்று உதவிக்கு அழையுங்கள்.