ஸ்பிரேயா, வேக்ஸா, கியர் ஆயிலா? மழை ஊரில் பைக் செயினுக்கு எது சரி?

சிங்கப்பூரில் புதிதாக 2பி லைசென்ஸ் (200 சிசி வரையிலான பைக்குக்கானது) எடுத்த தம்பிகள் வண்டி வாங்கிய கையோடு கேட்பது, செயினுக்கு எந்த பிராண்டு நல்லது என்பதைத்தான். பிராண்டை அப்புறம் பார்க்கலாம், முதலில் எந்த வகை என்று முடிவு செய்யுங்கள். கடையில் கிடைப்பவை மூன்று: கேனில் வரும் செயின் லூப் (மசகு) ஸ்பிரே, அதே மாதிரி கேனில் வரும் வேக்ஸ், பாட்டிலில் வரும் 80 அல்லது 90 நம்பர் கியர் ஆயில்.

எஞ்சின் ஆயில் மாற்றுவதைப் பட்டறைக்கே விட்டுவிடலாம். வீவக அடுக்குமாடிக் குடியிருப்பின் கார் நிறுத்துமிடத்தில் உட்கார்ந்து பழைய ஆயிலை வடித்துவிட்டு, அதை எங்கே கொண்டுபோய்ப் போடுவது என்று யோசிப்பது தேவையில்லாத தலைவலி. செயின் அப்படியில்லை. மழையில் நனைந்து வரும் ஒவ்வொரு தடவையும் பட்டறைகள் இருக்கும் காக்கி புக்கிட்டுக்கோ ஊபிக்கோ ஓட முடியுமா?

எதை வாங்குவது என்பதற்கு முன், செயினுக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. 150, 200 சிசி வண்டிகள் பலவற்றில் வருவது ஓ-ரிங் செயின். கண்ணிகளைக் கோக்கும் ஊசிக்கும் (பின்) அதைச் சுற்றியுள்ள குழலுக்கும் (புஷ்) நடுவே தயாரிக்கும்போதே கிரீஸ் வைத்து ரப்பர் வளையத்தால் அடைத்திருப்பார்கள். நாம் மேலே போடும் எதுவும் அந்த இடத்துக்குப் போகாது. பிறகு ஏன் போடுகிறோம் என்றால், ரோலரும் பல்சக்கரமும் உரசும் இடத்துக்காக, ரப்பர் காய்ந்துபோகாமல் இருப்பதற்காக, எல்லாவற்றுக்கும் மேலாகத் துரு பிடிக்காமல் இருப்பதற்காக. சிங்கப்பூரில் ஆண்டுக்கு 2,100 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டுகிறது. சாயங்காலம் நனைந்து வந்து அப்படியே நிறுத்திய வண்டியை மறுநாள் காலையில் குனிந்து பாருங்கள், செயின் தகடுகளின் ஓரத்தில் செம்பழுப்பாக ஒரு பொடி பூத்திருக்கும். அதனால் இந்த ஊரில் செயினுக்கு எதைப் போட்டாலும் முதல் பரீட்சை மழைதான்.

வேக்ஸ் அந்தப் பரீட்சையில்தான் சறுக்குகிறது. மற்றபடி அது சுத்தமான சரக்கு. காய்ந்த பிறகு கையில் ஒட்டாது, தூசியை இழுக்காது, ரிம்மில் தெறிக்காது. ஆனால் செயின் நன்றாகச் சுத்தமாகி உலர்ந்திருந்தால்தான் ஒழுங்காகப் பிடிக்கும். டிசம்பர் மழையில் தினமும் வேலைக்கு ஓட்டுகிறவர் உலர்ந்த செயினுக்கு எங்கே போவார்? பழைய அடுக்கின் மேல் புது அடுக்கு ஏறிவிட்டால் சுரண்டி எடுப்பதும் எளிதில்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே எடுத்து, துடைத்து மூடி வைக்கிற வண்டிக்கு வேக்ஸ் போடலாம்.

ஸ்பிரே தொடக்கக்காரருக்கு எளிது. ஒட்டும் தன்மை உள்ளதாக வாங்கினால் மழைக்கும் ஓரளவு தாங்கும். அடிக்கும் நேரம்தான் முக்கியம். ஓட்டிவிட்டு வந்ததும் செயின் சூடாக இருக்கும்போது அடித்து, இரவெல்லாம் விட்டுவிட வேண்டும். காலையில் கிளம்பும் அவசரத்தில் அடித்தால், அதிலுள்ள கரைப்பான் ஆவியாகும் முன்பே பாதி ரிம்முக்குப் போய்விடும். செயினுக்குப் பின்னால் ஓர் அட்டையைப் பிடித்துக்கொண்டு அடியுங்கள். பின் டயரிலோ பிரேக் டிஸ்க்கிலோ பட்டால் அழுக்கு மட்டும் இல்லை, ஆபத்தும்கூட. ஒட்டுவதால் மணலையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும், கொஞ்ச நாளில் கறுப்புக் களிம்பாகிவிடும்.

கியர் ஆயிலை இங்கே பலர் ஏனோ மதிப்பதில்லை. ஹோண்டாவின் பல வண்டிக் கையேடுகளிலேயே 80 அல்லது 90 நம்பர் கியர் ஆயில் போடலாம் என்றுதான் இருக்கிறது. கொஞ்சம்தான் செலவாகும் என்பதால் ஒரு லிட்டர் பாட்டில் வெகுகாலம் வரும். பொறுமை மட்டும் வேண்டும். மூக்குள்ள சின்ன பாட்டிலில் ஊற்றிக்கொண்டு, கீழ்ச்செயினின் உட்பக்கத்தில், தகடுகள் சேரும் இடத்தில் ஒவ்வொரு சொட்டாக விட்டுக்கொண்டே சக்கரத்தைக் கையால் சுற்ற வேண்டும். ஒரு சுற்று முடிந்ததும் பழைய துணியால் செயினைப் பொத்திப் பிடித்து, மேலே நிற்கும் ஆயிலை வழித்துவிடுங்கள். இந்தத் துடைப்பைச் செய்யாமல் விடுகிறவர்கள்தான் "கியர் ஆயில் தெறிக்கிறது" என்று குறை சொல்வது. துடைத்தாலும் கொஞ்சம் தெறிக்கும், அது உண்மை. பெரிய மழைக்குப் பிறகு மறுபடி போடவும் வேண்டும்.

ஆனால் செயின் முழுவதையும் மூடிய உறையுடன் வரும் கப்சாய் என்ற சின்ன வண்டியில் அந்தத் தெறிப்புப் பிரச்சினையே இல்லை, உறைக்குள்ளேயே நின்றுவிடும். கப்சாய்களில் பெரும்பாலும் ஓ-ரிங் இல்லாத சாதாரணச் செயின் என்பதால், திரவமான ஆயில் உள்ளே ஊசி வரைக்கும் இறங்குவது கூடுதல் லாபம். சென்டர் ஸ்டாண்டும் இருக்கும், சக்கரத்தைச் சுற்றுவது சுலபம்.

டபிள்யூடி 40 போதாதா என்று யாராவது கேட்பார்கள். ஈரத்தை விரட்ட அது சரி. ஓடும் செயினில் நிலைத்து நிற்கிற மசகு அது இல்லை.

எதைப் போடுவதானாலும் முதலில் கழுவ வேண்டும். மண்ணெண்ணெயும் மெல்லிய பிரஷும் போதும். பெட்ரோல் வேண்டாம், ஓ-ரிங்கின் ரப்பரைக் கெடுத்துவிடும். கீழே ஒரு தட்டு வையுங்கள், இங்குள்ள மழைநீர்க் கால்வாய்களில் பல நீர்த்தேக்கங்களுக்குத்தான் போகின்றன. இன்னொன்று: எஞ்சினை ஓடவிட்டு, கியரில் போட்டுச் சுற்றும் செயினைத் துடைக்கவே கூடாது. துணியோடு விரலும் பல்சக்கரத்துக்குள் போய்விடும். சென்டர் ஸ்டாண்டு இல்லையென்றால் வண்டியைக் கொஞ்சம் கொஞ்சமாக உருட்டிக்கொண்டே செய்யலாம், பின்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தும் பாடக் ஸ்டாண்டு வாங்கினால் முதுகு தப்பிக்கும்.

என்னைக் கேட்டால், கப்சாய்க்குக் கண்ணை மூடிக்கொண்டு கியர் ஆயில். திறந்த செயினுள்ள 200 சிசி வண்டியில் தினமும் பிஐஇ விரைவுச்சாலையில் போய்வருகிறவருக்கு ஒட்டும் ஸ்பிரே. 500 கிலோமீட்டருக்கு ஒரு முறை என்பது பொதுக் கணக்கு, சாப்பாடு டெலிவரி ஓட்டுபவருக்கு அது ஒரு வாரத்துக்குள்ளேயே வந்துவிடலாம்.

வாங்குவதற்கு முன் ஒன்றைச் சோதித்துவிடுங்கள். பின் பல்சக்கரத்தின் பின்கோடியில் செயினை விரலால் பிடித்து வெளியே இழுங்கள். பல்லில் பாதி தெரிகிற அளவுக்கு விலகி வந்தாலோ, பற்கள் கொக்கி மாதிரி வளைந்திருந்தாலோ, கேனுக்குக் கொடுக்கும் காசும் வீண். செயினையும் இரண்டு பல்சக்கரங்களையும் சேர்த்தே மாற்றிவிடச் சொல்லுங்கள்.