கவுண்டர் தாங்கி: ஒற்றைக் கட்டையா, அடுக்குப் பலகையா, சாய்முட்டா?

சமையலறைக் கவுண்டரின் விளிம்பு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே வளைவும் சுருளுமாக மரத்தாங்கி நின்றால் அழகாக இருக்குமே என்று ஆசைப்பட்டேன். ஒரே கட்டையில் ‘எஸ்’ வளைவு அறுத்து, ஒரு நாள் முழுக்க உப்புத்தாள் போட்டு, மேல்முனையில் சின்னதாக ஒரு சுருளும் கொத்தி முடித்தேன். ஒட்டியிருந்த மரத்தூளை உதறலாம் என்று மேசை விளிம்பில் லேசாகத் தட்டினேன், அவ்வளவுதான். சுருளும் மூக்குமாக இரண்டு அங்குலத் துண்டு கழன்று தரையில் உருண்டது. உடைந்த முகம் உளி வைத்துப் பிளந்தது போல அத்தனை வழவழப்பு. கல்லைத் தாங்க வேண்டிய சாமான் ஒரு தட்டுக்கே தாங்கவில்லை.

அதற்கப்புறம் மற்ற மூன்று வழிகளிலும் செய்து பார்த்தேன். பலகைகளை அடுக்கி ஒட்டுவது ஒன்று. மூன்று துண்டுகளைப் பூட்டிச் சட்டமாக்குவது இன்னொன்று. உள்ளே இரும்பை ஒளித்து வெளியே மரத்தைப் போர்த்துவது மூன்றாவது. நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேசலாம். அதற்கு முன்னால், இந்தத் தாங்கி எதை எதிர்த்து நிற்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

பாரம் எங்கே விழுகிறது

கிரானைட் ஒரு கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 2.7 கிராம். 30 மி.மீ. தடிமனுள்ள கல் சதுர மீட்டருக்கு 80 கிலோ சொச்சம் வரும். 30 செ.மீ. நீட்டலில் 60 செ.மீ.க்கு ஒரு தாங்கி என்று வைத்தால், ஒவ்வொன்றின் பங்குக்கும் கல் மட்டும் 15 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. இது பெரிய பாரமே இல்லை. பயப்பட வேண்டியது மனிதர்களுக்குத்தான். முழங்கை ஊன்றிச் சாய்கிறவர், பல்பு மாற்ற ஏறி நிற்கிறவர், விளிம்பில் எம்பி உட்காரும் பிள்ளை, இவர்கள்தான் தாங்கிக்குப் பரீட்சை வைப்பவர்கள்.

60 கிலோ ஆள் ஒருவர் தாங்கியின் நுனிக்கு நேர்மேலே உட்கார்ந்தால், அந்தப் பாரம் கீழே அழுத்துவதோடு நிற்காது. தாங்கியின் அடியைச் சுவரோடு நசுக்கி, தலையைச் சுவரிலிருந்து பிய்க்கப் பார்க்கும். கடப்பாரை போட்டு நெம்புகிற அதே வேலைதான். நீட்டம் 30 செ.மீ., உயரம் 30 செ.மீ. என்றால் மேல் திருகை வெளியே இழுக்கும் விசை ஏறத்தாழ அதே 60 கிலோ. உயரத்தை 15 ஆக்கினால் 120 கிலோ. ஆகவே எந்த வழியில் செய்தாலும் உயரம் நீட்டத்தைவிடக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். படத்தில் பார்க்க அழகாகத் தெரியும் குட்டையான, நீளமூக்குத் தாங்கிகளை நான் நம்புவதில்லை.

30 மி.மீ. கல்லை ஏறத்தாழ 25 செ.மீ. வரைக்கும், 20 மி.மீ. கல்லை 15 செ.மீ. வரைக்கும் தாங்கி இல்லாமலேயே நீட்டி விடுவது வழக்கம். உங்கள் நீட்டல் அதற்குள் அடங்கினால் தாங்கி வெறும் நகை. எப்படி வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். அதற்கு மேல் போனால்தான் கீழே வரும் வாதமெல்லாம். நீட்டலில் மூன்றில் இரண்டு பங்குக்காவது தாங்கியின் மேல்கை எட்ட வேண்டும். முழுக்க விளிம்பு வரை கொண்டுவந்தால் உட்காருகிறவரின் முட்டி இடிக்கும்.

ஒற்றைக் கட்டை: அழகில் முதலிடம், மற்றதில் இல்லை

கொத்துவேலை செய்ய ஒற்றைக் கட்டைக்கு ஈடு கிடையாது. ஒட்டுக்கோடு எதுவும் தெரியாது. வளைவைத் தொடர்ந்து ரேகை, அதாவது மரத்தின் நார் ஓடும் கோடு, ஓடும். உளி எங்கே இறங்கினாலும் பசையில் மாட்டாது. கல்தூண் தலையில் இருக்கும் போதிகையின் சாயலில் மொட்டு தொங்கவிட வேண்டும் என்றால் இதுதான் வழி. நானும் அந்த மயக்கத்தில்தான் இறங்கினேன்.

சிக்கல் ரேகையில் இருக்கிறது. மரம் நாரின் நீளவாக்கில் பலசாலி, குறுக்கில் பரம நோஞ்சான். ரேகை செங்குத்தாக ஓடும்படி கட்டையை நிறுத்தினால், வெளியே நீண்டிருக்கும் மேல்மூக்கில் நார்கள் இரண்டு மூன்று அங்குலத்துக்குள் முடிந்துவிடும். அந்த மூக்கைப் பிடித்திருப்பது நார் இல்லை, நாருக்கும் நாருக்கும் நடுவே உள்ள ஒட்டு மட்டும்தான். என்னுடையது உடைந்ததும் அங்கேதான். ரேகையைக் கிடையாகப் படுக்க வைத்தால் மூக்கு பிழைத்துக்கொள்ளும், அடிவால் போய்விடும். மேல்மூக்கிலிருந்து அடிவால் வரை மூலைக்கு மூலை சாய்வாக ரேகை ஓடும்படி அறுப்பதே சரி. அப்போது இரண்டு முனைகளும் முழு பலத்தோடு இல்லாவிட்டாலும் ஒரு தட்டுக்கு உடையாது.

ஆனால் சாய்த்து அறுத்தால் மரம் ஏகத்துக்கு வீணாகும். இங்கே ஒரு வேடிக்கையும் உண்டு. ‘எஸ்’ வளைவின் நடுப்புள்ளி கட்டையின் நடுப்புள்ளியோடு பொருந்தும்படி, அந்தப் புள்ளியைச் சுற்றி அரைச்சுற்று திருப்பினாலும் அதே வளைவு கிடைக்கும்படி வரைந்துவிட்டால், ஒரே அறுப்பில் இரண்டு தாங்கி கிடைக்கும், கழிவே இல்லை. கணக்குப் பார்த்துச் செய்கிறவர்களுக்குப் பிடித்த வித்தை. ஆனால் அதற்குக் கட்டையை நேராக, விளிம்புக்கு இணையான ரேகையோடு வைத்தாக வேண்டும். மரத்தை மிச்சம் பிடித்தால் மூக்கு பலவீனம். இரண்டும் சேர்ந்து வராது.

அறுப்பதிலும் தொல்லை. மூன்று அங்குலக் கட்டையை ஜிக் சாவால் (கையில் பிடித்து வளைவு அறுக்கும் மின்ரம்பம்) அறுக்கப் போனால், முதலில் நீளமான பிளேடு வேண்டும். அப்புறம் அந்தப் பிளேடு அடியில் வளைந்துகொண்டு போகும். மேல்முகத்தில் நீங்கள் போட்ட கோடு, கீழ்முகத்தில் வேறு யாரோ போட்ட கோடு. பட்டை ரம்பம் சுழலும் பேண்ட் சா இயந்திரம் இருந்தால்தான் இது நடக்கிற காரியம். அதிலும் 6 மி.மீ. பிளேடு ஏறத்தாழ 16 மி.மீ. ஆரம் வரைதான் திரும்பும், 12 மி.மீ. பிளேடு என்றால் 63 மி.மீ. சுருளின் உட்பக்கம் அதைவிட இறுக்கமாக இருந்தால் உளியும் அரமும்தான். போதாக்குறைக்கு, தடிமனான கட்டை உள்ளே முழுக்கக் காய்ந்து கிடைப்பது அபூர்வம். செய்து மாட்டிய பிறகு மெதுவாகக் காய்ந்து, முகப்பில் வெடிப்பு ஓடும்.

அடுக்குப் பலகை: என் ஓட்டு இதற்கு

18 அல்லது 20 மி.மீ. பலகைகளை மூன்றாக அடுக்கி ஒட்டினால் 54 முதல் 60 மி.மீ. தடிமன் வரும். பார்வைக்கும் போதும், பலத்துக்கும் போதும். மெல்லிய பலகை நன்றாகக் காய்ந்து கிடைக்கும். ஜிக் சாவே போதும், ஏனென்றால் ஒவ்வோர் அடுக்கையும் தனியாகத்தான் அறுக்கிறோம். இதெல்லாம் வசதிகள். உண்மையான லாபம், அடுக்குக்கு அடுக்கு ரேகைத் திசையைத் தீர்மானிக்க முடிவது.

நான் நடு அடுக்குக்கு 18 மி.மீ. நல்ல பிளைவுட் வைக்கிறேன். அதில் ஒரு தாளில் நார் ஒரு பக்கம், அடுத்த தாளில் குறுக்கே என்று மாறி மாறி ஓடுவதால் எந்தப் பக்கமும் பிளக்காது. மூக்குக்கு முதுகெலும்பு மாதிரி நிற்கும். இரண்டு பக்கமும் பார்வைக்கு நல்ல மரம். அவற்றில் மேலே சொன்ன ஒரே அறுப்பு வித்தையைத் தாராளமாகச் செய்யலாம், மூக்கைக் காப்பாற்ற நடுவில் ஆள் இருக்கிறது. மூன்றையுமே மரமாக வைத்து ரேகையை மட்டும் குறுக்கே மாற்றலாமே என்று தோன்றும். வேண்டாம். பருவத்துக்குப் பருவம் மரம் குறுக்குவாட்டில் விரியும், சுருங்கும். குறுக்கும் நெடுக்குமாக ஒட்டிய தடிமனான பலகைகள் ஒன்றை ஒன்று இழுத்து, ஒட்டு விட்டுவிடும் அல்லது பலகை வெடிக்கும்.

செய்முறையில் ஒரு நுணுக்கம். முதலில் 6 மி.மீ. பிளைவுட்டில் தாங்கியின் வடிவத்தில் மாதிரிப் பலகை ஒன்று செய்து, அதன் வளைவை விரலால் தடவித் தடவிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். கண்ணுக்குத் தப்பும் மேடு விரலுக்குத் தப்பாது. அந்த மாதிரியை முதல் அடுக்கின் மேல் பதித்து, ரௌட்டரில் (சுழலும் வெட்டுமுனையால் மரத்தைச் சீவும் கைக்கருவி) மாதிரியின் விளிம்பைத் தொட்டு உருளும் பேரிங் உள்ள ஃப்ளஷ் ட்ரிம் பிட் போட்டு ஓட்டினால் அச்சாக வந்துவிடும். இரண்டாவது அடுக்கைக் கோட்டுக்கு 2 மி.மீ. வெளியே அறுத்து ஒட்டி, பசை காய்ந்ததும் முதல் அடுக்கையே வழிகாட்டியாக வைத்து ரௌட்டர் ஓட்டலாம். மூன்றாவதும் அப்படியே. வளைவின் உச்சியிலிருந்து சரிவை நோக்கி ஓட்டுங்கள். எதிர்த்து ஏறினால் நாரைப் பிய்த்து எறியும்.

ஒட்டும்போது பலகைகள் வழுக்கும். கிளாம்ப் இறுக இறுக, பசையின் மேல் சோப்பு மாதிரி நழுவும். உள்முகத்தில் இரண்டு சின்ன ஆணி அடித்து, தலையை நறுக்கிவிட்டு 2 மி.மீ. முனை மட்டும் நிற்கும்படி விட்டால் மேல்பலகை அதில் குத்தி உட்கார்ந்துகொள்ளும். ரௌட்டர் பிட் ஓடும் விளிம்பிலிருந்து ஓர் அங்குலம் தள்ளி அடியுங்கள்.

இதற்கும் குறை உண்டு. முன்பக்க வளைவில் பிளைவுட்டின் கோடுகள் தெரியும். பெயின்ட் அடிப்பதாக இருந்தால் கவலையே இல்லை. மரத்தைக் காட்ட வேண்டும் என்றால் நடு அடுக்கை மட்டும் 5 மி.மீ. உள்ளே தள்ளி அறுத்து, அந்தப் பள்ளத்தில் மெல்லிய மரப்பட்டி ஒன்றை வளைத்து ஒட்டலாம். பார்க்கிறவர்கள் வேண்டுமென்றே போட்ட அலங்காரக் கோடு என்றுதான் நினைப்பார்கள். ஆனால் ஆழமான கொத்துவேலைக்கு இது ஆகாது. இரண்டாவது அடுக்கைத் தொட்டதும் உளி பிளைவுட்டைப் பொடியாக்கும்.

சாய்முட்டுச் சட்டம்

சுவரோடு ஒரு கால், கல்லுக்கு அடியில் ஒரு கை, இரண்டையும் இணைத்து 45 பாகையில் ஒரு சாய்முட்டு. மரத்தை மட்டும் வைத்துச் செய்பவற்றில் பலம் இதற்குத்தான். பாரம் சாய்முட்டின் நீளவாக்கில், நாரின் திசையிலேயே இறங்குகிறது. மரத்துக்கு அது சுகமான சுமை. மூன்று துண்டும் நேர்ப்பலகை என்பதால் வீணாவதும் குறைவு.

ஆனால் பலமெல்லாம் மூட்டில் இருக்கிறது. முனையை முட்டவைத்து ஒரு திருகு முடுக்கினால் போதும் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். நாரைக் குறுக்கே அறுத்த வெட்டுமுகத்தில் இறங்கும் திருகு நார்களுக்கு நடுவே புகுந்து நிற்கிறது, பிடிப்புக் குறைவு. பசையும் அங்கே உறிஞ்சப்பட்டுப் போகும். மேல்மூலையில் இரண்டையும் பாதிப் பாதி குடைந்து ஒன்றன்மேல் ஒன்று படிய வைக்க வேண்டும். சாய்முட்டின் இரண்டு முனைக்கும் நாக்கும், அது செருகி உட்காரத் துளையும் எடுக்க வேண்டும். கைவேலை தெரிந்தவருக்கு இதுவே சுகம். புதிதாக உளி பிடிப்பவருக்கு நாலு தாங்கிக்கு எட்டுத் துளை என்பது தண்டனை. சாய்முட்டை லேசாக வளைத்து, விளிம்பில் சாய்வு சீவி நடுவில் நிறுத்தினால் அழகும் வரும். என்றாலும் இது பண்ணைவீட்டு அழகு. சுருள் கேட்கிறவருக்குப் பிடிக்காது.

உள்ளே இரும்பு

தடித்த இரும்புப் பட்டையை ‘எல்’ வடிவில் மடித்து மாட்டி, அதன்மேல் மரக்கூட்டைச் சட்டை மாதிரி போட்டுவிடுவது. பாரம் முழுக்க இரும்புக்கு, அழகு மட்டும் மரத்துக்கு. ஏமாற்று வேலை என்று சில தச்சர்கள் முகம் சுளிப்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நீட்டல் 35, 40 செ.மீ. என்று போனால் நான் யோசிக்காமல் இதையே சொல்வேன். ரேகைக் கவலை இல்லாமல் எவ்வளவு மெல்லிய சுருளும் கொத்தலாம். மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகைக்கு இந்த வேலையில் இடமுண்டு என்றால் இங்கே மட்டும்தான். அதுவும் பெயின்ட் அடித்து, சிங்க்கிலிருந்து தள்ளி. தண்ணீர் பட்டால் அதன் ஓரம் உப்பிவிடும்.

மரமும் மேல்பூச்சும்

தேக்கு எடுத்தால் அதில் உள்ள எண்ணெய் பசையைத் தள்ளும். ஒட்டுவதற்குச் சற்று முன் அசிட்டோன் நனைத்த துணியால் துடைத்துவிட்டு உடனே ஒட்டுங்கள். பைன் மலிவு, அறுக்கச் சுலபம்; ஆனால் கணுக்களிலிருந்து பிசின் கசிந்து வெள்ளைப் பெயின்டில் மஞ்சள் கறை போடும். முதலில் ஒரு கோட் ஷெல்லாக் (அரக்குப் பூச்சு) அடித்தால் அடங்கும். மேலே பாலியூரிதேனோ பெயின்டோ, உங்கள் விருப்பம். சுவரைப் பார்க்கும் பின்முகத்துக்கும் அடித்துவிடுங்கள். ஒரு பக்கம் மட்டும் ஈரம் குடித்தால் தாங்கி முறுக்கும்.

மாட்டும்போது

தாங்கி எவ்வளவு பலமாக இருந்தாலும், அலமாரியின் 6 மி.மீ. பின்பலகையில் திருகினால் பலகையோடு கையில் வரும். அலமாரிக்கு உள்ளிருந்து 40 மி.மீ. கட்டை ஒன்றை வைத்து, பின்பலகை வழியாக அதில் முடுக்க வேண்டும். பிய்க்கும் விசை மேலே என்பதால் மேலே இரண்டு திருகு, கீழே ஒன்று. திருகின் தலையை உள்ளே இறக்கி, மீந்த துண்டிலிருந்தே வெட்டிய தக்கையை ரேகை பொருந்தும்படி ஒட்டி மூடலாம். சாவித்துளை மாதிரி மாட்டிகள் படம் தொங்கவிடத்தான் லாயக்கு.

மேல்கைக்கும் கல்லுக்கும் நடுவே திருகு வேண்டாம். நாலைந்து பொட்டு சிலிகான் வைத்துக் கல்லை இறக்கி, ஒரு நாள் யாரும் சாயாமல் பார்த்துக்கொண்டால் போதும். மரக் கவுண்டர் என்றால் கதை வேறு. கீழிருந்து திருகலாம், ஆனால் மேல்கையில் போடும் துளை நீள்வட்டமாக, பலகையின் ரேகைக்குக் குறுக்கே நீண்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் விரிய இடமில்லாமல் பலகை பிளக்கும்.